முதுகில் இருக்கும் பிள்ளை

அந்தக் கல்லைக் கையில் வாங்கியதும் அண்ணி முதலில் அதன் முதுகைத்தான் பார்த்தார். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரின் அறையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, சட்டி வாங்கப் போகிறவர்கள் சட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பதுபோல, ஒரு சாண் உயரமிருந்த அந்தச் சிலையைச் சட்டென்று திருப்பினார். கரும்பச்சைக் கல். குளிருக்கான கனத்த அங்கி போட்ட ஒரு பெண். முன்பக்கம் வட்ட முகமும் இரண்டு கைகளும் தவிர ஒன்றுமில்லை. பின்னால் அங்கியின் தலைமூடி பெரிய பைபோலத் தொங்க, அதற்குள்ளிருந்து ஒரு பிள்ளை கன்னத்தைத் தாயின் தோளில் சாய்த்து எட்டிப் பார்த்தது. அண்ணி கட்டைவிரலால் அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தடவினார். "இந்தம்மாளும் நம்மளாட்ட வேலைக்காரிதானுங்க ஃபாதர். புள்ளையை முன்னால வச்சுக்கிட்டா வேலை ஆகுமுங்களா?" என்றார்.

சாமியார் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கனடாவின் வடகோடியில், வருடத்தின் பெரும்பகுதி பனி மூடிக்கிடக்கும் ஊரொன்றில் மூன்று வருடம் இருந்துவிட்டு எங்கள் பங்குக்கு வந்தவர். அங்கே வாழும் இனுயிட் மக்களில் ஆண்களைப் போலவே பெண்களும் கல்லில் செதுக்குவார்கள் என்று சொன்னார். ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒரு கிழவி இந்தச் சிலையைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். "நான் முகத்தைப் பார்த்துட்டு மேசையில வச்சேன். அந்தம்மா எழுந்து வந்து அதைத் திருப்பி வச்சுட்டுப் போய் உட்கார்ந்தாங்க. கூட இருந்தவர்கிட்ட என்னன்னு கேட்டேன். இதுதான் முன்பக்கம்னு சொல்றாங்க அப்படின்னார்" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

நான் அப்போது கல்லூரியில் நிலவியல் துறையில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பங்குப் பேரவைக்குச் செயலாளரும் நான்தான். அந்தக் கல் செர்பென்டைன் வகையைச் சேர்ந்தது, எங்கள் சேலத்து மாக்கல்லைவிடச் சற்றுக் கெட்டியானது, ஆனாலும் இரண்டும் உறவுக்காரக் கற்கள்தான் என்று இருவருக்கும் விளக்கினேன். அண்ணிக்கு அந்த விளக்கம் தேவையாக இருக்கவில்லை. அவர் நகத்தால் அடியில் லேசாகக் கீறிப் பார்த்து, "நம்ம கல்லு இன்னும் பதமா இருக்குமுங்க" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். கல்யாணமாகி நாலு வருடத்தில் ஒரு விபத்தில் போய்விட்டார். கைப்பிள்ளையோடு நின்ற அண்ணி அம்மாபேட்டையைத் தாண்டி இருந்த ஒரு மாக்கல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்சட்டி செய்கிற பட்டறை. ஆண்கள் உளி வைத்துக் குடைவார்கள். பெண்கள் அரத்தால் ராவி உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவார்கள். ராவும்போது வெள்ளைப் பொடி மடியில் கொட்டும். மற்ற பெண்கள் பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ போட்டிருக்க, அண்ணி மட்டும் பழைய சேலைத் துணியால் முதுகில் கட்டிக்கொள்வார். பொடி முன்னால்தானே விழுகிறது, பிள்ளை பின்னால் இருந்தால் மூக்கில் ஏறாது என்பது அவர் கணக்கு. அப்படியே வேலை செய்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கும் அரைமணியில் உடைந்த சட்டித் துண்டுகளில் கோழி, ஆடு, சாய்ந்து படுத்த நாய் என்று செதுக்குவார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. சாமியார் வீட்டை ஜெபம் சொல்லி மந்திரிக்கப் போனபோது ஜன்னலில் வரிசையாக நின்ற அந்தக் கோழிகளைப் பார்த்துத்தான் அண்ணியை அறைக்கு வரச்சொல்லி அந்தக் கனடாக் கல்லைக் காட்டினார். கோயில் வளாகத்தில் மாதாவின் சுரூபத்தை வைக்கப் புதிதாக ஒரு கெபி கட்டுவதாக இருந்தது. அதற்கான சுரூபத்தை அண்ணியே மாக்கல்லில் செய்யட்டும் என்றார். நாலு தூண் மண்டபம், நடுவில் சுரூபம், சுற்றி வர வழி. இதுதான் சாமியார் போட்ட திட்டம்.

அண்ணியின் மகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் பிளந்த உதட்டோடு பிறந்தவள். மேலுதடு மூக்குவரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஐந்தாவது வயதில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை செய்து தைத்துவிட்டார்கள். அதன்பிறகு ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது. கேட்பவர்களிடம் சின்ன வயதில் படியில் விழுந்துவிட்டாள் என்று எங்கள் வீட்டில் சொல்லிவந்தோம். அண்ணி அப்படிச் சொல்லமாட்டார். "பொறப்புலயே அப்படித்தானுங்க. தைச்சாச்சு" என்பார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்காது.

ஏழெட்டு மாதம் பட்டறையின் பின்பக்கத்தில் அண்ணி வேலை செய்தார். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான கல். சாமியாரும் நானும் அவ்வப்போது போய்ப் பார்ப்போம். மாதா நூல்சேலை கட்டியிருந்தாள், முக்காடு போட்டிருந்தாள், கைகள் முன்னால் எதையோ ராவுவதுபோலக் கூடியிருந்தன. முதுகில் சேலைத் துணியின் ஏணையில் பிள்ளை. உளி பிடிக்கும் ஆண்கள் கேலி செய்வார்கள். "என்னக்கா, மாதாவையும் நம்ம பட்டறையில வேலைக்குச் சேத்துப்புட்டீங்களாட்ட இருக்குது?" என்பார் ஒருவர். "ஆமா, உங்களைவிட நல்லா ராவுவாங்க" என்பார் அண்ணி, தலையைத் தூக்காமல். கடைசி மாதத்தில் அவர் பிள்ளையின் முகத்தைச் செய்தார். ஒருநாள் நான் தனியாகப் போனபோது அது முடிந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் தாயின் தோளில் கன்னத்தை அழுத்தி, ஒரு கண் பாதி மூடி, வாய் திறந்திருந்த பிள்ளை. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. அவ்வளவு சரியாக, அவ்வளவு அன்பாகச் செய்திருந்தார். நான் இதுவரை பார்த்த எந்தச் சுரூபத்திலும் அப்படி ஒரு உயிருள்ள முகத்தைக் கண்டதில்லை. இதை இன்று எழுதுகிறேன். அன்று என் வாயிலிருந்து வந்தது, "இது எதுக்குங்க அண்ணி?" என்பதுதான்.

"எது?"

"உதடு."

"அப்படித்தானுங்களே இருந்தா தம்பி" என்றார் அண்ணி. நான் ஏன் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

என் மூத்த மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ராசிபுரத்தில் நல்ல குடும்பம், பேச்சு முடியும் நிலையில் இருந்தது. செப்டம்பரில் மாதா பிறந்த திருநாளன்று கெபியை மந்திரிப்பது என்றும், அன்று மாப்பிள்ளை வீட்டார் வருவது என்றும் ஏற்பாடு. அவர்கள் சுரூபத்தைச் சுற்றி வருவார்கள், உதட்டைப் பார்ப்பார்கள், யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள், அண்ணி மறைக்காமல் சொல்லுவார். குடும்பத்தில் இப்படிப் பிள்ளை பிறக்குமோ என்று யோசிப்பார்கள். இதுதான் என் பயம். வேறு எந்தக் காரணமும் இல்லை. பல வருடம் நான் வேறு காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு நானே கூட.

திருநாளுக்கு முந்தைய வாரம் சாமியார் குருக்களின் தியானத்துக்குப் போய்விட்டார். சுரூபம் வந்து பீடத்தில் நின்றது. நான் கொத்தனாரைக் கூப்பிட்டு, கெபி என்றால் குகைதானே, மண்டபம் எதற்கு, மூன்று பக்கமும் கரட்டுக் கல் வைத்துச் சுவர் எழுப்பு, பின்சுவர் சுரூபத்தை ஒட்டியே வரட்டும், இடைவெளியைக் கலவை போட்டு அடைத்துவிடு என்றேன். அவர் தயங்கினார். "ஏனுங்க, புள்ளை மூஞ்சி உள்ள போயிருமுங்களே?"

"போகட்டும்."

"அப்போ ஒரு சாக்கையாவது நடுவுல வச்சு அடைக்கட்டுங்களா? நாளைக்கு எடுக்கணும்னா கல்லு தப்பிச்சுக்கும். இல்லீன்னா சிமெண்டு இண்டு இடுக்கெல்லாம் போயிப் புடிச்சுக்குமுங்க."

அவர் சொன்னது சரி என்பது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். மாக்கல்லின் மென்மையைப் பற்றி இருபது வருடம் பாடம் நடத்தியவன் நான். கண் இடுக்கிலும் உதட்டுப் பிளவிலும் இறுகிய சிமெண்டைப் பிறகு தட்டி எடுத்தால் உடைவது கல்லாகத்தான் இருக்கும். ஆனால் சாக்கு வைத்தால் என்றாவது யாராவது எடுத்துவிடுவார்கள். "சாக்கெல்லாம் வேண்டாம், நேரமில்லை" என்றேன். அவர் கரண்டியால் கலவையை அள்ளி அள்ளி வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மந்திரித்துவிட்டால் பிறகு சுரூபத்தில் யாரும் உளி வைக்கத் துணியமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்திருந்தேன்.

சாமியார் திருநாளுக்கு முதல் நாள் வந்தார். மாதா ரோட்டு வேலைக்கு வருகிற பொம்பளை மாதிரி இருக்கிறாள் என்று சனங்கள் முணுமுணுக்கிறார்கள், அண்ணியும் சம்மதித்துவிட்டார் என்று அவரிடம் சொன்னேன். சனங்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. அண்ணியிடம் போய், முதுகுப் பக்கத்தை மூடியது ஃபாதரின் உத்தரவு என்றேன். சாமியாரும் அண்ணியும் ஒருவரையொருவர் சங்கடப்படுத்தக் கூடாது என்று அதைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை. என் பொய் அவர்களுடைய மரியாதையின் மேல் ஏறி நின்றுகொண்டது.

அண்ணி அன்று அரத்தைக் கீழே வைத்தார். பிறகு, "சாக்கு கீக்கு வச்சு அடைச்சாங்களா தம்பி?" என்று கேட்டார்.

"வச்சிருக்குதுங்க" என்றேன்.

"அப்பச் சரி. என்னிக்காச்சும் எடுத்துக்கலாம்" என்றார். உடனே எழுந்து எனக்குக் காப்பி வைக்கப் போனார். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

திருநாளன்று அண்ணியின் மகள், அப்போது பதினோரு வயது, பள்ளித் தோழிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாதா முதுகில் இருப்பது நான்தான் என்று அவர்களிடம் வாரக்கணக்கில் சொல்லிவைத்திருக்கிறாள். கெபிக்குப் பின்னால் ஓடிப்போனவள் திரும்பி வந்து, பட்டுவேட்டியில் நின்றுகொண்டிருந்த என் கையைப் பிடித்து இழுத்தாள். "சித்தப்பா, நான் எங்கீங்க?" என்றாள். தோழிகள் சிரித்தார்கள். நான் அவளிடம், போய் அம்மாவைக் கேள் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் போனேன். அவர்கள் தாமதமாக வந்தார்கள். கெபிப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டார்கள், கல்யாணத் தேதி குறித்தார்கள், போனார்கள். கெபியின் முகப்பில் பதித்த சலவைக்கல்லில் மறைமாவட்ட ஆயர் பெயரும், பங்குச் சாமியார் பெயரும், செயலாளர் என்று என் பெயரும் இருந்தன. செதுக்கியவர் பெயர் போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது; நான் சொல்லவில்லை.

அதன்பின் அண்ணி பெரிதாக எதையும் செய்யவில்லை. கோழியும் ஆடும் செய்தார். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் மாதாவின் முன் நின்று கும்பிடும்போது அவர் மட்டும் கெபியின் பின்னால் போய்ச் சுவரைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு வருவார். அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. கடைசிநாளில் மகளிடம், உள்ளே சாக்கு இருக்குது, உன் மூஞ்சி பத்திரமா இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். துக்க வீட்டில் அவள் அதை என்னிடம் சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை.

கனடாவில் மகன் இருக்கும் ஊருக்கு இரண்டு வருடம் முன்பு போயிருந்தேன். ஓர் அருங்காட்சியகத்தில் இனுயிட் பெண்கள் செய்த கல் சிற்பங்களுக்கென்று ஓர் அறை. கண்ணாடிப் பெட்டிகளைச் சுவரோரம் வைக்காமல் நடுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். சுற்றிவர இடம் விட்டு, சிலவற்றுக்குப் பின்னால் முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றும் நிறுத்தியிருந்தார்கள். தாய்கள், தாய்கள், முதுகில் பிள்ளைகள். ஒரு பிள்ளை தூங்கியது, ஒன்று தாயின் சடையைப் பிடித்து இழுத்தது, ஒன்றுக்கு முகமே இல்லாமல் வெறும் உருண்டை. கீழே செதுக்கிய பெண்களின் பெயர்கள். ஒன்றிரண்டில் மட்டும் செய்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. அந்த அட்டைகளின் முன்னால்தான் என்னால் நிற்க முடியவில்லை. பெயர் தெரியாமல் விட்டவர்கள் வருந்தி எழுதியிருந்தார்கள். நானோ தெரிந்தே விட்டவன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மகன் வந்து, "என்னப்பா, முடியலையா?" என்றான். ஆமாம், முடியவில்லை என்றேன். அவன் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் மாத்திரை கொடுத்தான்.

இந்த வருடம் சாலையை அகலப்படுத்துவதால் கெபியைத் தள்ளி வைக்கவேண்டி வந்தது. புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் அறிவித்த அன்றே அண்ணியின் மகள் நாமக்கல்லிலிருந்து போன் செய்தாள். அங்கே கோழித்தீவன ஆலை ஒன்றில் தீவனத்தின் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. "சித்தப்பா, செவுத்தைத் தட்டறப்போ பக்குவமாத் தட்டச் சொல்லுங்க. சாக்கு இருக்கறதால வந்துரும். நான் வாரேன், லீவு போட்டுட்டேன்" என்றாள். முப்பது வருடத்தில் அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

வந்தாள். பையில் ஒரு பாட்டில் விளக்கெண்ணெய், துவைத்து மடித்த பனியன் துணி, குழந்தைகள் பல்விளக்கும் மெல்லிய பிரஷ். கல்லைத் துடைத்து எண்ணெய் போடுவதற்கு. கொத்தனார்கள் இன்னும் வந்திருக்கவில்லை. கோயில் வாசலில் நிழலில் உட்கார வைத்து, "கண்ணு, உள்ளே சாக்கு இல்லை" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. "மக்கிப் போயிருக்குமுங்களா?"

"வைக்கவே இல்லை."

"அம்மா கேட்டப்போ வச்சிருக்குதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"ஏனுங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன், உதட்டிலிருந்து ராசிபுரம் வரை. முடித்ததும் பிரஷ்ஷைப் பைக்குள் திரும்ப வைத்தாள். "அக்கா கல்யாணத்துக்குங்களா?" என்றாள். "அந்தக் கல்யாணத்துல நான் காலையிலிருந்து பந்தியில எலை போட்டனுங்களே சித்தப்பா. கால்ல கொப்புளமே வந்துச்சு." அவ்வளவுதான். அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கொத்தனார்கள் வந்தபோது அவளே எழுந்து போனாள். சுவரைத் தட்ட வேண்டாம், பின்னால் ஒரு முழம் சுவரோடு சேர்த்து மெஷினில் அறுத்து அப்படியே எடுங்கள், முதுகை மட்டும் தொடாதீர்கள் என்று நின்று செய்வித்தாள். உடைத்துத்தான் பார்ப்போமே என்று இளம் சாமியார் கேட்டதற்கு, "எங்கம்மா கை பட்டது உள்ள இருக்குதுங்க ஃபாதர். தூளா எடுத்து என்ன செய்யறது?" என்றாள். இப்போது மாதா திறந்தவெளியில் நிற்கிறாள், முதுகில் கரடுமுரடான ஒரு சிமெண்ட் கட்டியோடு. மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகள், மாதா ஸ்கூல் பேக் மாட்டியிருக்குது என்று சிரிக்கிறார்கள். அதைக் கேட்டு அவளும் சிரித்துவிட்டாள்.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். பின்பக்கம் ஒரு பலகைக் கல் வைக்க வேண்டும், அதில் நான் எழுதித் தரவேண்டும். என் வீட்டு மேசையில் எதிரே உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "அம்மா பேரு மொதல்ல. அவங்கதான் செதுக்குனாங்கன்னு. அப்புறம் உள்ள ஒரு புள்ளை இருக்குதுன்னு. அதை மூடச் சொன்னது யாருன்னு." எழுதினேன். என் பெயரை எழுதுவது நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. தாளை வாங்கிப் படித்தாள். "புள்ளைன்னு மட்டும் போட்டா எந்தப் புள்ளைங்க? உதடு பொளந்த புள்ளைன்னு போடுங்க."

தாளைத் திருப்பி வாங்கினேன், பேனா நகரவில்லை. அவளுக்கு நாற்பத்தொரு வயது, கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான். "வேண்டாமே கண்ணு" என்றேன்.

"யாருக்கு வேண்டாம்?"

அந்த இரண்டு சொற்களை எழுதினேன்.

பலகை வைத்து ஒரு மாதம் ஆகிறது. போன ஞாயிறு பூசை முடிந்து நான் அங்கே தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தபோது, மோகனூர்ப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மூதாட்டி, எழுத்துத் தெரியாதவர், "என்னங்க எழுதியிருக்குது? சித்த படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார். படித்தேன். அண்ணியின் பெயரை, உதடு பிளந்த பிள்ளை என்பதை, மூடச் சொன்னவன் பெயரை.

"ஆருங்க அந்த மனுசன்?" என்றார்.

"நான்தானுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமில்லை, இரக்கமும் இல்லை. பிறகு சிமெண்டின் பக்கம் திரும்பி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "மறுக்காப் படிங்க" என்றார்.

படித்தேன்.